சோழமண்டலக் கரைக்குக் குடிவருகிறவர்களுக்கு: பன்னிரண்டு மாத மழையையும் வெயிலையும் படிக்கும் முறை

கோயம்புத்தூரிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ வேலை மாறி சென்னைக்கு வருகிறவர்கள் முதலில் வீட்டு வாடகையை விசாரிக்கிறார்கள். அப்புறம் வெயில் எப்படி என்று கேட்கிறார்கள். புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் என்று எங்கே போனாலும் இதே வரிசைதான். மழையைப் பற்றிய கேள்வி அக்டோபர் கடைசியில்தான் வருகிறது. அதற்குள் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, முன்பணம் கொடுத்து, தரைத்தளத்தில் புது மெத்தையும் பீரோவும் இறக்கியாகிவிடுகிறது.

இந்தக் கரையின் ஓராண்டு வானிலையை ஒரே தாளில் எழுதிக்கொள்ள முடியும். பன்னிரண்டு வரி, நான்கு பத்தி. அதை எழுதுவது அரைமணி நேர வேலை. எழுதியதைச் சரியாகப் படிக்கத்தான் கொஞ்சம் பழக வேண்டும், ஏனென்றால் இங்கே ஆண்டுச் சராசரி என்ற ஒற்றை எண் நமக்குப் பெரிதாக உதவாது. எந்த மாதத்தில், எத்தனை நாளில், எந்த நேரத்தில் பெய்கிறது என்பதுதான் உதவும். ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதல் படி: உங்கள் ஊருக்குப் பொருந்தும் நிலையத்தைப் பிடியுங்கள்

மழை, வெப்பநிலை எண்கள் எல்லாம் ஏதாவது ஒரு வானிலை நிலையத்தில் அளந்தவை. கைப்பேசிச் செயலியில் தெரியும் எண் பெரும்பாலும் கணினிக் கணிப்பு, அளந்தது அல்ல. அதனால் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நிலையம் உங்களுக்குப் பக்கத்தில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கரையோரத்தில் சென்னை நுங்கம்பாக்கம், சென்னை மீனம்பாக்கம், புதுச்சேரி, கடலூர், காரைக்கால், நாகப்பட்டினம், பாம்பன், தூத்துக்குடி ஆகிய இடங்களில் நிலையங்கள் இருக்கின்றன. சென்னையில் வானிலையை அளப்பது மிகப் பழைய பழக்கம். நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வுக்கூடம் 1792-லேயே வந்துவிட்டது.

ஒரே நகரத்துக்குள்ளும் வித்தியாசம் உண்டு. நுங்கம்பாக்கம் கடலுக்கு நெருக்கம், மீனம்பாக்கம் இன்னும் உள்ளே. மே மாதப் பகலில் மீனம்பாக்கம் ஒரு டிகிரி கூடுதலாகக் கொதிக்கும். ஜனவரி விடியலில் அதே மீனம்பாக்கம்தான் நுங்கம்பாக்கத்தைவிடக் குளிர்ந்திருக்கும். உங்கள் வீடு திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் என்றால் நுங்கம்பாக்கம் எண்ணை எடுங்கள். தாம்பரம், பல்லாவரம் என்றால் மீனம்பாக்கம்.

கரையோரம் தெற்கே இறங்க இறங்க கணக்கே மாறும். சென்னை முதல் வேதாரண்யம் வரை ஆண்டுக்கு ஏறக்குறைய 1,300, 1,400 மில்லிமீட்டர் மழை. பாம்பனில் அது 900-ஐ ஒட்டி வந்துவிடும். தூத்துக்குடியில் 650-தான், அதனால்தான் அங்கே உப்பளம் செழிக்கிறது. தூத்துக்குடிக்குக் குடிபோகிறவர் சென்னைப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாம் படி: பட்டியலை பிப்ரவரியில் தொடங்குங்கள்

எல்லாப் பட்டியலும் ஜனவரியில் தொடங்கும். நான் பிப்ரவரியில் தொடங்கச் சொல்வேன். காரணம் இருக்கிறது. இந்தக் கரையில் மழைக்காலத்தின் வால் ஜனவரி வரை நீளும். ஜனவரியில் தொடங்கினால் அந்த வாலை வெட்டி ஆண்டின் தலையில் ஒட்டவைத்ததுபோல் ஆகிவிடும். பிப்ரவரியில் தொடங்கினால் வறட்சி, வெக்கை, மாலை இடிமழை, பெருமழை, பனி என்று ஆண்டு தானாக வரிசையில் விழுகிறது.

நுங்கம்பாக்கத்தின் முப்பதாண்டுச் சராசரியை ஒட்டி, மனதில் நிற்கும்படி முழு எண்ணாக்கித் தருகிறேன். முதலில் மழை மில்லிமீட்டரில், அடுத்து பகலின் சராசரி உச்ச வெப்பநிலை, கடைசியாக இரவின் சராசரிக் குறைந்த வெப்பநிலை, இரண்டும் செல்சியஸில்.

பிப்ரவரி: 5-க்கும் குறைவு, 31, 22
மார்ச்: 5-க்கும் குறைவு, 33, 24
ஏப்ரல்: 15, 35, 26
மே: 35, 37, 28
ஜூன்: 55, 37, 27
ஜூலை: 100, 35, 26
ஆகஸ்ட்: 125, 35, 26
செப்டம்பர்: 145, 34, 25
அக்டோபர்: 315, 32, 24
நவம்பர்: 375, 30, 23
டிசம்பர்: 180, 29, 22
ஜனவரி: 25, 29, 21

முப்பதாண்டுச் சராசரி என்பது உலக வழக்கம். உலக வானிலை அமைப்பு இப்போது வைத்திருக்கும் காலம் 1991 முதல் 2020 வரை. நீங்கள் எடுக்கும் பட்டியலில் எந்த முப்பதாண்டு என்று ஒரு ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பட்டியல்கள் பத்து, இருபது மில்லிமீட்டர் ஒத்துவராமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

மூன்றாம் படி: மழையை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்

மேலே உள்ள பட்டியலில் பிப்ரவரி முதல் மே வரை நான்கு மாத மழையைக் கூட்டினால் அறுபது மில்லிமீட்டர்கூட வராது. ஜூன் முதல் செப்டம்பர் வரை 425. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றும் சேர்ந்து 870. ஆண்டு மழையில் அறுபது சதவீதத்துக்கு மேல் மூன்றே மாதத்தில் வந்துவிடுகிறது. நாகப்பட்டினம் பக்கம் போனால் இந்தப் பங்கு இன்னும் கூடும், ஏனென்றால் அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை சென்னையைவிடக் குறைவு.

முதல் கட்டம் வறட்சி. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் மழை இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஏதாவது ஓர் ஆண்டில் ஒரு நாள் பெய்தால் அது செய்தி.

இரண்டாவது கட்டத்தைத்தான் புதிதாக வருகிறவர்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஜூன் மாதம் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது என்று செய்தி வரும். சரி, நமக்கும் வந்துவிடும் என்று காத்திருப்பார்கள். வராது. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று தன் சரக்கை மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி இறங்கும்போது காய்ந்து சூடாகத்தான் வருகிறது. மங்களூரும் சென்னையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. ஜூலையில் மங்களூரில் ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும்போது சென்னையில் 100. மலை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

அந்த நூறும் எப்படி வருகிறது என்று பாருங்கள். பகல் முழுக்க வெயில் காயும். பிற்பகலில் வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கம் இடிமேகம் கட்டும். உயரத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்று அந்த மேகத்தைக் கிழக்கே தள்ளிக்கொண்டு வரும். இரவு எட்டு, ஒன்பது மணிக்கு மேற்கு வானத்தில் மின்னல் தெரியும். அப்புறம் ஒரு மணி நேரம் பலத்த மழை, காலையில் தெரு காய்ந்திருக்கும். அதனால் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் மழை வருமா என்று அறிய கடலைப் பார்க்காதீர்கள், மேற்கைப் பாருங்கள். இந்த மழை இடத்துக்கு இடம் மாறும். அம்பத்தூரில் கொட்டி, அடையாறில் ஒரு சொட்டுகூட விழாமல் போகும். மாதச் சராசரி இங்கே ஒரு தோராயம் மட்டுமே.

மூன்றாவது கட்டம் வடகிழக்குப் பருவமழை. அது தொடங்கும் வழக்கமான நாள் அக்டோபர் 20-ஐ ஒட்டி. முன்னே பின்னே ஒரு வாரம் ஆகலாம். காற்று திசை திரும்பும். மேல்காற்று ஓய்ந்து, வங்காள விரிகுடாவைத் தாண்டி வரும் கீழைக்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையில் இறக்கும். இப்போது எல்லாம் தலைகீழ். மேகம் கடலிலிருந்து வருகிறது. கரையோரத்தில் இந்த மழை பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் அதிகம் வலுக்கும். நள்ளிரவில் தூக்கம் கலையும் அளவுக்குப் பெய்து, காலை பத்து மணிக்கு வெயில் எட்டிப்பார்ப்பதை நவம்பரில் அடிக்கடி காணலாம். பள்ளி விடுமுறை அறிவிப்பு விடியலில் வருவதும், அறிவித்த அன்றைக்கு வெயில் அடிப்பதும் இதனால்தான். அதற்காக ஆட்சியரைத் திட்டுவது நியாயமில்லை.

இன்னொன்று. அடைமழைக் காலம் என்றால் மூன்று மாதமும் விடாமல் பெய்யும் என்று நினைக்க வேண்டாம். சென்னையில் ஆண்டு முழுவதும் சேர்த்தே மழை நாட்கள் ஏறக்குறைய ஐம்பத்தைந்து, அறுபதுதான். 2.5 மில்லிமீட்டராவது பெய்தால்தான் வானிலைத் துறை அதை மழை நாள் என்று கணக்கில் எடுக்கும். நவம்பரில் அப்படி பதினொரு, பன்னிரண்டு நாட்கள். 375 மில்லிமீட்டரும் அந்தப் பன்னிரண்டு நாளுக்குள் வந்தாக வேண்டும். அது சுற்றுச் சுற்றாக வரும். வங்கக் கடலில் ஒரு தாழ்வு நிலை உருவாகும், நான்கைந்து நாள் மழை, பிறகு ஒரு வாரம் இடைவெளி, அப்புறம் அடுத்த சுற்று. அந்த இடைவெளியில் துணி துவைத்துக் காயவைத்துவிடுங்கள்.

'கார்த்திகைக்கு மேல் மழையுமில்லை, கர்ணனுக்கு மேல் கொடையுமில்லை' என்பார்கள். கார்த்திகை டிசம்பர் நடுவில் முடிகிறது, பட்டியலிலும் டிசம்பர் இறங்கு முகம்தான், அதனால் பழமொழி பொதுவாகச் சரி. ஆனால் 2011-இல் தானே புயல் கடலூர், புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது டிசம்பர் 30-ஆம் தேதி, நல்ல மார்கழியில். பொங்கல் வரை தார்ப்பாயை மடித்து உள்ளே வைக்காதீர்கள்.

நான்காம் படி: வெப்பநிலையைக் கடற்காற்றோடு சேர்த்துப் படியுங்கள்

உச்ச வெப்பநிலைப் பத்தியைப் பார்த்தால் குறைந்தது 29, அதிகம் 37. எட்டு டிகிரி வித்தியாசம்தான். டெல்லியில் வளர்ந்தவர்களுக்கு இது ஒரு பொருட்டாகவே தெரியாது. ஆனால் அடுத்த பத்தியைப் பாருங்கள். மே மாத இரவில் 28. அதுதான் இந்தக் கரையின் உண்மையான வெயில் எண். உள்நாட்டில் பகல் நாற்பதைத் தொட்டாலும் இரவில் உடம்பு ஆறும். இங்கே கடல் ஈரம் இரவிலும் விடாது, வியர்வை காயாது, மின்விசிறி சுடுகாற்றைத்தான் சுழற்றும். வீடு தேடும்போது படுக்கையறைக்கு எதிரெதிரே இரண்டு ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். மேல்மாடி வீடு என்றால் மொட்டைமாடியில் வெள்ளை ஓடோ, சுண்ணாம்புப் பூச்சோ இருக்கிறதா என்றும் கேளுங்கள். வாடகையில் ஆயிரம் ரூபாய் குறைவதைவிட இது முக்கியம்.

பகலை ஆள்வது கடற்காற்று. காலையில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது, நிலத்தின் மேல் உள்ள காற்று எழுகிறது, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது. மார்ச், ஏப்ரலில் இது முற்பகலிலேயே வந்துவிடும். அதனால் ஏப்ரல் 35-லேயே நிற்கிறது. மே கடைசியிலும் ஜூனிலும் மேற்கிலிருந்து அடிக்கும் வறண்ட காற்று வலுத்து, கடற்காற்றை எதிர்த்து நிறுத்திவிடும். பிற்பகல் இரண்டு, மூன்று மணி வரைகூட அது வராது. வராத அந்த இரண்டு மணி நேரத்தில்தான் வெப்பமானி நாற்பதைத் தாண்டுகிறது. வந்த பத்தாவது நிமிடத்தில் மூன்று நான்கு டிகிரி இறங்குவதை மெரினாவிலிருந்து மயிலாப்பூர், தி. நகர் என்று வரிசையாக உணரலாம்.

கத்திரி வெயில் மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28-ஐ ஒட்டி முடியும். அதோடு வெயில் போச்சு என்று கணக்குப் போடாதீர்கள். நுங்கம்பாக்கத்தின் மிக உயர்ந்த பதிவான 45 டிகிரி வந்தது 2003 மே மாதக் கடைசியில், கத்திரி முடிந்த பிறகு. பட்டியலிலும் மேயும் ஜூனும் ஒரே 37. அதனால் ஜூன் முதல் வாரத்தில் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும்போது தண்ணீர் பாட்டிலைப் பெரியதாகக் கொடுங்கள்.

குளிர் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஜனவரி இரவு 21. போகி அன்று விடியலில் பனியும் புகையும் கலந்து மீனம்பாக்கத்தில் விமானங்கள் தாமதமாகலாம். ஸ்வெட்டர் அலமாரியிலேயே இருக்கட்டும்.

ஐந்தாம் படி: சராசரிக்குப் பக்கத்தில் ஒரு பெருமழை ஆண்டையும் ஒரு வறண்ட ஆண்டையும் எழுதுங்கள்

இதைச் செய்யாமல் விட்டால் மேலே எழுதிய பட்டியல் உங்களை ஏமாற்றிவிடும்.

நவம்பர் சராசரி 375 என்று எழுதினோம். 2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் பெய்தது 1,049 மில்லிமீட்டர். 1918 நவம்பருக்குப் பிறகு அப்படி ஒரு நவம்பர் வந்ததில்லை. குளமும் ஏரியும் மண்ணும் அந்த மாதத்திலேயே நிறைந்துவிட்டன. அதன் மேல் டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியதும், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து தண்ணீர் திறந்ததும், அடையாறு கரை புரண்டதும் நடந்தன. அடுத்த ஆண்டே, 2016-இல், தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. அதே 2016-இல்தான் டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்து ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. மழை பொய்த்த ஆண்டிலும் புயல் வரும். 2018-இல் பருவம் மீண்டும் பொய்க்க, 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டு, ஊரே தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்றது.

இந்த ஆண்டுகள் எதையும் சராசரிப் பட்டியல் உங்களுக்குச் சொல்லாது. 1,049-ஐயும் வறண்ட ஆண்டையும் கூட்டி வகுத்துத்தான் அந்த அடக்கமான 375 கிடைக்கிறது.

எல்லாவற்றையும் மிஞ்சிய எடுத்துக்காட்டு தெற்கே இருக்கிறது. 2023 டிசம்பர் 17-18-இல் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் இருபத்து நான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பெய்தது. அந்த மாவட்டத்துக்கு ஓராண்டுச் சராசரியே 65 சென்டிமீட்டர் அளவுதான். மழை குறைந்த ஊர் என்று வெள்ளத்தை மறந்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அதனால் அக்டோபர், நவம்பர், டிசம்பர் வரிகளுக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவில் இன்னொரு பத்தி போடுங்கள்: இதுவரை பதிவான அதிக அளவு. வீட்டைத் தேர்ந்தெடுக்க அந்தப் பத்தி, தோட்டத்துக்குத் தண்ணீர் கணக்குப் போட சராசரிப் பத்தி. தரகரிடம் கேட்டால் தண்ணீர் நிற்காது என்றுதான் சொல்வார். எதிர்வீட்டுப் பெரியவரிடமோ தெருமுனை மளிகைக் கடைக்காரரிடமோ, "அண்ணாச்சி, 2015-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு? 2023-ல?" என்று கேளுங்கள். கையை இடுப்பருகே வைத்துக் காட்டுவார்கள். அந்த உயரத்தை எழுதிக்கொள்ளுங்கள். மோட்டார் எங்கே பொருத்தியிருக்கிறது, மின்சார மீட்டர் பெட்டி அந்த உயரத்துக்கு மேலே இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் போன்ற தாழ்வான பகுதிகளில் இந்த ஒரு விசாரணை எந்த வரைபடத்தையும்விடப் பயன்படும். எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்கள் வரிசையாக நிற்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அவர்கள் எல்லோரும் இந்தப் பத்தியை மனதில் வைத்திருப்பவர்கள்.

ஆறாம் படி: செய்தியில் வரும் எண்ணை உங்கள் பட்டியலோடு பொருத்துங்கள்

செய்தியில் சென்டிமீட்டர், பட்டியலில் மில்லிமீட்டர். பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். மழைக் கணக்கில் ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. திங்கள் பகல் பெய்த மழை செவ்வாய்க் கணக்கில் வரும். அக்டோபர் 31 மாலை கொட்டியது நவம்பரில் சேரும்.

எச்சரிக்கைச் சொற்களுக்கும் அளவு உண்டு. கனமழை என்றால் நாளுக்கு 7 முதல் 11 சென்டிமீட்டர், மிகக் கனமழை 12 முதல் 20, அதற்கு மேல் அதிகனமழை. இப்போது உங்கள் பட்டியலைப் பாருங்கள். அதிகனமழை எச்சரிக்கை என்றால் டிசம்பர் முழு மாதத்துக்கான 18 சென்டிமீட்டரும் ஒரே நாளில் விழுந்து மிச்சமும் இருக்கும் என்று அர்த்தம். சிவப்பு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு 'எப்பவும் இப்படித்தான் சொல்வாங்க' என்று கடந்து போகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

புயல் செய்தியில் எல்லோரும் எங்கே கரையைக் கடக்கும் என்றே கேட்கிறார்கள். அதோடு, எவ்வளவு வேகமாக நகர்கிறது என்றும் கவனியுங்கள். வர்தா விரைவாக வந்து காற்றால் அடித்துவிட்டுப் போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னையில் கரையேறவே இல்லை, ஆந்திராவின் பாபட்லா அருகேதான் கரையைக் கடந்தது. ஆனால் சென்னைக்கு வெளியே கடலில் மெதுவாக ஊர்ந்த நேரத்தில் நகரத்தை மூழ்கடித்தது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு நகராமல் நின்றுகொண்டது, புதுச்சேரியும் விழுப்புரமும் வெள்ளக்காடாயின. வேகமாக நகர்ந்தால் காற்றுக்குப் பயப்படுங்கள். மெதுவாக நகர்ந்தால் தண்ணீருக்கு.

ஏழாம் படி: வீட்டில் நீங்களே அளந்து பாருங்கள்

அளக்காமல் இந்தக் கரையின் மழை கைக்குப் பிடிபடாது. செலவும் அதிகமில்லை. மேலிருந்து அடிவரை ஒரே அகலம் உள்ள, பக்கம் நேராக இருக்கும் பாத்திரம் போதும். உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரத்தை ஸ்கேலால் மில்லிமீட்டரில் அளந்தால் அதுதான் மழையளவு. வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் இருக்கும் பிளாஸ்டிக் வாளி இதற்கு ஆகாது, உயரம் பொய் சொல்லும்.

இன்னும் நுணுக்கமாக வேண்டுமா? வாய் விட்டம் 11.3 சென்டிமீட்டர் உள்ள புனல் ஒன்றை வாங்கி, ஒரு கேனின் வாயில் பொருத்துங்கள். அந்தப் புனலின் வாய்ப் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். அதனால் சேர்ந்த தண்ணீரில் ஒவ்வொரு 10 மில்லிலிட்டரும் ஒரு மில்லிமீட்டர் மழை. இருமல் மருந்தோடு வரும் சின்ன அளவுக் குவளையாலேயே அளந்துவிடலாம். 230 மில்லிலிட்டர் சேர்ந்திருந்தால் 23 மில்லிமீட்டர்.

வைக்கும் இடம்தான் முக்கியம். மரத்தடி கூடாது, சன்ஷேடுக்குக் கீழே கூடாது. பக்கத்துச் சுவர் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வைப்பது விதி. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு மொட்டைமாடிதான் வழி. கைப்பிடிச் சுவரிலிருந்து தள்ளி நடுவில் வையுங்கள், காற்றில் உருளாமல் இரண்டு செங்கலை அணைகொடுங்கள். தினமும் காலை 8.30-க்கு அளந்து, எழுதி, காலி செய்துவிடுங்கள். மழை இல்லாத நாளில் பூஜ்யம் எழுதுங்கள். வெற்றிடமாக விட்டால் ஒரு மாதம் கழித்து அன்று பெய்யவில்லையா, நீங்கள் அளக்கவில்லையா என்று தெரியாமல் போகும்.

வெப்பமானியை வடக்குப் பக்கம், நிழலில், காற்றோட்டமாக, ஆள் மார்பு உயரத்தில் தொங்கவிடுங்கள். மேற்குச் சுவரில் மாட்டினால் சுவரின் சூட்டைத்தான் அளப்பீர்கள். ஏசி வெளிப்பெட்டி அருகிலும் வேண்டாம்.

எட்டாம் படி: வீட்டு வேலைகளைப் பட்டியலுக்கு ஏற்ப அடுக்குங்கள்

பிப்ரவரி முதல் மே வரை வறட்சி உறுதி என்பதால் மொட்டைமாடி விரிசல் அடைப்பு, வெளிச்சுவர் வண்ணம், தரைத்தொட்டி கழுவுவது எல்லாம் இந்த நான்கு மாதத்துக்குள் முடியட்டும். வடாம், வத்தல், மிளகாய் காயவைக்கவும் இதுதான் காலம். மரக்காணம், வேதாரண்யம் உப்பளங்களில் பாத்தி கட்டுகிறவர்களும் இதே வறட்சியை நம்பித்தான் வேலை செய்கிறார்கள். ஏசி சர்வீஸை மார்ச் மாதமே செய்துவிடுங்கள், மே மாதம் கூப்பிட்டால் ஆள் கிடைக்காது.

ஆகஸ்ட், செப்டம்பரில் மரக்கன்று நடலாம், மாலை மழை வேர்பிடிக்க வைக்கும். டிசம்பர் காற்றைத் தாங்கக் கழி ஊன்றிக் கட்டுவதை மறக்க வேண்டாம். பெரிய மரங்களின் கிளை கழிப்பதும் செப்டம்பருக்குள்.

அக்டோபர் 10-க்குள் முடிக்க வேண்டியவை கொஞ்சம் அதிகம். மொட்டைமாடி வடிகால் குழாயில் சேர்ந்த இலை, பிளாஸ்டிக் பையை எடுத்துவிட்டு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிச் சரியாக இறங்குகிறதா என்று பாருங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் விடுங்கள். வண்டிக் காப்பீட்டில் வெள்ளச் சேதம், என்ஜின் சேதம் அடங்குமா என்று காகிதத்தை எடுத்துப் படியுங்கள். நிலப் பத்திரம், சான்றிதழ், ரேஷன் அட்டை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் மேல் அலமாரிக்குப் போகட்டும். வெளியூர்த் திருமணத்துக்கு நவம்பரில் போவதாக இருந்தால், கிளம்பும் முன் மோட்டார் சுவிட்சையும் தரைத்தள மின் இணைப்பையும் அணைத்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக மழைநீர்த் தொட்டி. தமிழ்நாட்டில் 2003-இலிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், அதனால் உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு அமைப்பு இருக்கும். அது வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி என்றால் 93 சதுர மீட்டர். 10 சென்டிமீட்டர் பெய்த ஒரு நவம்பர் இரவில் அங்கே 9,300 லிட்டர் விழுகிறது. ஆண்டு முழுவதற்கும் 1,30,000 லிட்டர், சிந்தியது சிதறியது போக ஒரு லட்சம் நிச்சயம். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் எட்டு லாரிக்குச் சமம். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வடிகட்டித் தொட்டியின் மூடியைத் திறந்து, மேலே படிந்த சேற்றை வாரி எடுத்து, மணலையும் ஜல்லியையும் வெளியே கொட்டி அலசி, மறுபடி ஜல்லி கீழே மணல் மேலே என்று நிரப்புங்கள். மொட்டைமாடியில் விழும் முதல் மழை தூசியும் பறவை எச்சமுமாக வரும். அதை மட்டும் வால்வைத் திறந்து வெளியே விட்டுவிட்டு, இரண்டாவது மழையிலிருந்து தொட்டிக்குத் திருப்புங்கள்.